பத்து வாட் போதும்

ஜாசின், அலோர் காஜா கடைகளில் ஒலிப்பெட்டிகளின் மேல் '1000 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்க்கிறோம். அந்த எண்ணைக் கண்டு மயங்கிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். வாட் இரு மடங்கானால் ஓசை இரு மடங்காவதில்லை. 3 டெசிபெல்தான் கூடும். தோட்ட வீட்டுக் கூடத்தில் நாகஸ்வரத்தைத் தெளிவாகக் கேட்க, ஒரு ஸ்பீக்கருக்கு 10 வாட் தாராளம். திருவிழாப் பந்தலுக்குப் போதாதுதான். அது வேறு கதை.

அந்த 10 வாட்டை உயர்ந்த தரத்தில் தரும் ஆம்ப்ளிஃபயரை நாமே செய்யலாம். ஜான் லின்ஸ்லி ஹூட் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1969-இல் 'ஒயர்லெஸ் வோர்ல்ட்' இதழில் அதன் வரைபடத்தை வெளியிட்டார். ஒரு ஸ்பீக்கருக்கு 4 டிரான்சிஸ்டர்கள்தாம். ஈயப்பற்று வைக்கப் பழகிய பிள்ளை செய்துவிடக்கூடிய வேலை.

இதன் இனிமைக்குக் காரணம் என்ன? சாதாரண ஆம்ப்ளிஃபயரில் இரு டிரான்சிஸ்டர்கள் முறை மாற்றி வேலை செய்கின்றன. பால் வாளியை ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்கும்போது சற்றே தளும்புமல்லவா? அதுபோல மாறும் இடத்தில் ஒலியும் சிறிது பிசகும். மெல்லிய இசையில்தான் அது உறுத்தும். 'கிளாஸ் ஏ' எனப்படும் இம்முறையில் இருவரும் வாளியை விடுவதே இல்லை.

அதற்கு விலை உண்டு. 27 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் ஓயாமல் ஓடுகிறது. பாட்டு இல்லாவிட்டாலும் இரு பக்கமும் சேர்ந்து 65 வாட் செலவாகும். தினம் 4 மணி நேரம் என்றால் மாதம் 8 யூனிட்டுக்குக் குறையாது. அத்தனையும் பெரும்பாலும் வெப்பமாகிறது. ஆகவே அலுமினியத் தகடு பெரிதாக இருக்கட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மூடிய அலமாரி ஆகாது. டிரான்ஸ்ஃபார்மருக்கும் இந்தத் தகட்டுக்கும் செலவு செய்யுங்கள், மினுக்கும் பெட்டிக்கு வேண்டாம். '2 என் 3055' டிரான்சிஸ்டரில் போலிகள் மலிந்துள்ளன. அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். அதன் உலோக உடலிலேயே மின்சாரம் இருப்பதால், தகட்டில் பொருத்தும்போது இடையில் மைக்கா வைக்க வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது 230 வோல்ட் வரும் பகுதியை. அங்கே கை பட்டால் உயிர் போகும். அந்த இணைப்பைத் தேர்ந்த மின்பணியாளரிடம் விடுங்கள். ஃபியூஸ் வேண்டும், மூன்றாவது கம்பியான எர்த் உலோகப் பெட்டியில் இறுகப் பிடித்திருக்க வேண்டும். எர்த் எதற்கு என்று அதை வெட்டிவிடுவோரும் உண்டு!

முதல் சோதனையில் டிரான்ஸ்ஃபார்மர் பகுதியை மட்டும், 60 வாட் இழை பல்பு வழியாக இணைக்கச் சொல்லுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ குறுக்கு இணைப்பு. உடனே பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு பல்பை நீக்கி ஆம்ப்ளிஃபயரைச் சேர்த்து, இரு பெரிய டிரான்சிஸ்டர்களும் கூடும் இடத்தை மீட்டரால் அளக்க வேண்டும். 27-இல் பாதி, அதாவது 13.5 வோல்ட் அளவில் அது நிலையாக நின்றால், ஸ்பீக்கரை இணைக்கலாம்.