வரிச் சலுகை: பலன் யார் கைக்குப் போகுது?



சொந்த நிலத்தில் காடு வைத்திருப்பவர் அதை வெட்டாமல் காத்தால், பல நாடுகளில் வரிச் சலுகை உண்டு. ஏன் கொடுக்கறாங்க? வெட்டி மாடு மேய்த்தால் உடனே காசு. விட்டுவைத்தால் ஊற்றுத் தண்ணீரும் மண்ணும் ஊருக்கே பலன். உடையவர் கைக்கு மட்டும் ஒன்றும் வராது. அந்த நஷ்டத்தில் ஒரு பங்கை அரசு ஈடுகட்டுகிறது.

மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிகா என்ற சின்ன நாடு. மேய்ச்சலுக்காகக் காட்டை அழித்துக்கொண்டே வந்தார்கள். 1979 முதல், மரம் நட்டவருக்கு வருமான வரியில் கழிவு கொடுத்தார்கள். நல்லதுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கம்பெனி 1 லட்சம் வரி கட்டுகிறது. 20 ஆயிரம் கழிவு என்றால் அத்தனையும் அதற்கு லாபம். சிறு விவசாயி வரியே கட்டுவதில்லை. அவர் எதில் கழிப்பார்? மரம் நட்டாலும் கிடைப்பது பூஜ்யம்தான்.

1986-ல் இதை மாற்றினார்கள். மரம் நட்டவருக்கு ஒரு பத்திரம். வரி கட்டுகிறவரிடம் அதை விற்றுக் காசாக்கலாம். நடுவதற்கே கையில் முதல் இல்லாத சிறு விவசாயிகளுக்கு, 1988-ல் முன்பணமாகக் கிடைக்க வழி செய்தார்கள். 1996-ல் வந்த காட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. இருக்கிற காட்டைக் காப்பவருக்கும் நேரடியாகப் பணம். பெட்ரோல், டீசல் மீதான வரியில் ஒரு பங்கு இதற்குப் போகிறது.

1980-களில் நாட்டின் பரப்பில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிய காடு, இன்று பாதிக்கு மேல். பணம் மட்டுமே காரணம் இல்லை. காட்டை அழித்து வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது என்று அதே சட்டம் தடுத்தது. மாட்டிறைச்சி விலை இறங்கியதும் ஒரு காரணம்.

ஆனால் பணம் நில உரிமையாளருக்குத்தான். அங்கே 2014 விவசாயக் கணக்கெடுப்பில், பண்ணை உடையவர்களில் 100-க்கு சுமார் 16 பேர்தான் பெண்கள். காட்டைக் காக்கப் பெண்ணும் பாடுபடுகிறாள். காசோ பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கு! அதனால்தான் பெண்கள் பெயரில் உள்ள நிலத்துக்குத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

எந்தச் சலுகை வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். வரி கட்டாதவருக்கும் கிடைக்குமா? காசு முன்னாடியா, பின்னாடியா? யார் பெயருக்கு வரும்?

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்க. அதற்கு முன், உங்க வீட்டுப் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்க!