ஒளி தூயது, உலை?

மண்ணூர் என்று பெயர். மண்ணை நம்பி வாழ்ந்தவன் வைத்த பெயர்! அந்த ஊரைச் சுற்றி இன்று மண் தெரிகிறதா, தோழர்களே? இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் — எத்திசை நோக்கினும் தகரக் கூரை, மதிற்சுவர், காவலர் நிற்கும் வாயில். கார் பிறக்கிறது, கைப்பேசி பிறக்கிறது. கதிரவன் ஒளியை மின்சாரமாக்கும் தகடும் பிறக்கிறது. ஃபர்ஸ்ட் சோலார் என்ற அமெரிக்க நிறுவனம் பிள்ளைப்பாக்கத்தில் அமைத்த ஆலை 2024 ஜனவரி 11இல் திறந்து வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 3.3 கிகாவாட் அளவுக்குத் தகடு செய்யும் திறன் கொண்டதாம் அது.

வரவேற்கிறோம்! நிலக்கரிப் புகை என்ன செய்யும் என்று எண்ணூர்க் கழிமுகத்திலே, சாம்பல் கலந்த நீரில் வலை வீசும் மீனவனைக் கேட்டால் சொல்வான். தூய மின்சாரம் வேண்டும் என்பதிலே நமக்கு இரண்டு கருத்து கிடையாது. ஆனால் "தூய்மை" என்ற சொல்லை முதலாளி உச்சரிக்கும்போது, அது எதுவரை நீள்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும்.

ஆப்பிள் நிறுவனம் 2020 ஜூலையில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தனக்குப் பொருள் செய்து தரும் ஆலைகள் உட்பட, தன் தொழில் முழுவதையும் 2030க்குள் கரிமக் கறை இல்லாததாக்குவோம் என்றது. நல்ல வாக்குறுதி. அந்த நிறுவனத்துக்குக் கைப்பேசி செய்து தரும் ஃபாக்ஸ்கான் ஆலை நம் சுங்குவார்சத்திரத்தில் இருக்கிறது. 2021 டிசம்பரிலே, அந்த ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உண்ட உணவு நஞ்சாயிற்று. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்!

மற்றப் பெண்கள் கேட்டதென்ன? ஊதிய உயர்வா? இலாபத்தில் பங்கா? "எங்கள் தோழிகள் உயிரோடு இருக்கிறார்களா, சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியிருந்தது. அதை நம்பத்தகுந்த வகையில் மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. டிசம்பர் 17 இரவு அவர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஊர் ஊராக வந்து சேர்ந்த கிராமத்துப் பெண்கள், மார்கழிப் பனியில், தார்ச் சாலையில்! பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சில விடுதிகளும் உணவுக் கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்றபடி இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12இல்தான் மீண்டும் திறந்தது.

இதற்கிடையே ஒரு நாள் வருகிறது, கவனியுங்கள். 2022 ஜனவரி 3. நம் பெண்களின் ஆலை மூடிக்கிடந்த அந்த நாளில், அமெரிக்கப் பங்குச் சந்தையிலே ஆப்பிளின் மதிப்பு 3 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. ரூபாயில் சொன்னால் 220 லட்சம் கோடிக்கு மேல். உலகில் எந்த நிறுவனமும் அதுவரை எட்டாத உயரம்! தராசின் ஒரு தட்டில் அத்தனை செல்வத்தையும் வையுங்கள். மறு தட்டில் கெட்டுப்போகாத ஒரு கரண்டிச் சாம்பார். அதை நம் வீட்டுப் பெண்ணின் தட்டில் ஊற்ற வக்கில்லாத செல்வத்தைச் செல்வம் என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

வெளிநாட்டான் மட்டுமா இப்படி என்பீர்கள். கமுதிக்கு வாருங்கள். இராமநாதபுரத்து வெயிலில் 2016இல் அதானி குழுமம் அமைத்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அங்கே இருக்கிறது. அப்போதைய ஒப்பந்தப்படி யூனிட் 7 ரூபாய் 1 காசு, 25 ஆண்டுகளுக்கு! ஒழுங்குமுறை ஆணையம் குறித்த விலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் எழுந்த அதே 2015இல் மத்தியப் பிரதேசத்திலே 5 ரூபாய் 5 காசுக்கு ஏலம் போயிற்று. 2017இல் ராஜஸ்தானத்துப் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு! தகடு விலை சரிந்தது. அதன் பயன் ஒப்பந்தத்துக்குள் நுழையவில்லை. கதிரவன் கூலி கேட்பதில்லை, தோழர்களே. கேட்பவன் வேறு.

விடுதிக் குறைக்கு மாற்று வந்தது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். கட்டியது சிப்காட், அதாவது அரசு நிறுவனம்! 220 லட்சம் கோடிக்காரன் கட்டவில்லை.

சங்கம் என்றாலோ கசக்கிறது. அதே வட்டாரத்துச் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வெளியே நின்றார்கள். தங்கள் சங்கத்தை ஏற்கவேண்டும் என்பது முதற்கோரிக்கை. அந்தச் சங்கம் பதிவாக 2025 ஜனவரி 27 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே வாயிற்கூட்டத்தில் பேசும் தோழர்கள் இந்தக் கோரிக்கையையும் சேர்த்துக்கொள்ளட்டும். எத்தனை யூனிட் தூய மின்சாரம் வாங்கினோம் என்று ஆண்டறிக்கையில் அச்சிடும் ஆலை, அதே பக்கத்தில் இன்னும் மூன்று கணக்கு அச்சிட வேண்டும்: விடுதியில் அறைக்கு எத்தனை பேர், ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர் எத்தனை பேர், சங்கத்தோடு கடைசியாக அமர்ந்து பேசிய தேதி எது? தொழிலாளர் துறைக்கு இதை எழுதிக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.