விழித்திரையைப் படிக்கும் கணிப்பொறி

சர்க்கரை நோய் உள்ளவர் யாரேனும் உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? "கண்ணைச் சோதித்து எத்தனை நாளாயிற்று?" என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். "எனக்குத்தான் பார்வை நன்றாகத் தெரிகிறதே!" என்பார். தொல்லையே அங்குதான் தொடங்குகிறது.

கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்னும் மெல்லிய படலம் உள்ளது. அதில் தலைமயிரினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் அவற்றின் சுவர் வலுவிழக்கிறது. ஆங்காங்கே குமிழ்போல் வீங்குகிறது. இரத்தம் கசிந்து புள்ளிகளாகத் தேங்குகிறது. கொழுப்பு மஞ்சள் திட்டாகப் படிகிறது. இவ்வளவு நடந்தும் வலி கிடையாது. தொடக்கத்தில் பார்வையும் மங்காது. முன்னரே கண்டுகொண்டால் லேசர் கதிராலோ ஊசி மருந்தாலோ பெரும்பாலும் பார்வையைக் காத்துவிடலாம். இழந்த பின் மீட்பது கடினம்.

விழித்திரையைப் படமெடுக்கக் கேமரா உண்டு. அப்படத்தைப் படித்துச் சொல்லத் தேர்ந்தவர் வேண்டுமே! கிருஷ்ணகிரி மாவட்டத்து மத்தூரில் மாந்தோப்பு வேலைக்குப் போகும் ஒருவர், நோவே இல்லாத கண்ணைக் காட்ட ஒருநாள் கூலியை விட்டு நகரத்துக்குப் போவாரா?

படம் படிக்கும் வேலையைக் கணிப்பொறிக்குப் பழக்க கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் முயன்றனர். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் எடுத்த 1,28,175 படங்களை 54 மருத்துவர்கள் பார்த்துத் தரம் பிரித்தனர். ஒவ்வொரு படத்தையும் மூவர் முதல் எழுவர் வரை பார்த்தனர். ஒருவர் போதாதா? போதாது. ஒரே படத்துக்கு இரு மருத்துவர் இருவேறு தீர்ப்புச் சொல்வதுண்டு!

'சிவப்புப் புள்ளி இருந்தால் நோய்' என்று கணிப்பொறிக்கு யாரும் விதி எழுதித் தரவில்லை. படத்தைக் காட்டினால் அது ஓர் ஊகம் சொல்லும். மருத்துவர் தீர்ப்போடு ஒப்பிட்டு, பிழைக்குத் தக்கபடி தன்னுள் இருக்கும் ஏராளமான எண்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளும். பிறகு அடுத்த படம். கணக்கைப் போட்டுவிட்டுப் புத்தகத்தின் கடைசியில் விடையைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறீர்களே, அதே வழிதான். இந்த ஆய்வு 2016இல் வெளியாயிற்று.

அடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்தனர். 2019இல் வெளியான முடிவின்படி, மதுரையில் மருத்துவரிடம் அனுப்பவேண்டிய 100 பேரில் ஏறத்தாழ 89 பேரைக் கருவி பிடித்தது. 'மீதி 11 பேர்?' என்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அதே ஆய்வில் படம் பார்த்த மனிதர்கள் ஆளுக்கு ஆள் 73 முதல் 90 வரைதான் கண்டனர்.

தாய்லாந்தில் வேறொரு சிக்கல் வந்தது. இருளில் கண்மணி விரிந்தால்தான் படம் தெளிவாக விழும். அங்கே 11 மருத்துவ நிலையங்களில் இரண்டில்தான் இருட்டாக்கக்கூடிய தனி அறை இருந்தது. முதல் ஆறு மாதங்களில் தந்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைக் கருவி ஏற்கவில்லை. இது 2020இல் வெளிவந்த செய்தி. ஒரு கறுப்புத் திரைச்சீலை செய்யும் வேலையை எந்தக் கணிப்பொறியும் செய்துவிடாது போலும்!

வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், 2021 ஆகஸ்டு 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அவ்வாறு சர்க்கரை கண்டறியப்பட்டவரின் விழித்திரையை அருகிலேயே படமெடுத்து, கருவியிடம் காட்டுவது அடுத்த படி. 'இவரை மருத்துவரிடம் அனுப்புக' என்பதோடு கருவியின் வேலை முடிந்துவிடும். லேசர் சிகிச்சைக்கு மத்தூர்க்காரர் பேருந்து ஏறத்தான் வேண்டும். அன்றைய கூலியும் போகத்தான் போகும்.