பயணக் கப்பலும் துறைமுக நகரும்

கோவாவின் மர்மகோவா துறைமுகத்திற்கு வரும் உல்லாசப் பயணக் கப்பல் பெரும்பாலும் காலையில் வந்து மாலையில் புறப்பட்டுவிடுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இவ்வருகை ஏறத்தாழ நின்றுவிடும். பயணிக்கு உணவும் உறைவிடமும் கப்பலிலேயே உள்ளமையால், கடற்கரை விடுதிகளுக்கு அவரால் பயன் சிறிதே. துறைமுகக் கட்டணம் நீங்கலாக, வாடகைக் கார், பேருந்து, வழிகாட்டி, முந்திரிப் பருப்பு, கைவினைப் பொருள் ஆகியவற்றுக்கு அவர் செலவிடுவதே ஊருக்கு எஞ்சுவது.

அச்செலவை அறுதியிடுவது பணப்பையைவிடக் கடிகாரமே எனலாம். 1986இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பழைய கோவாவின் தேவாலயங்கள் துறைமுகத்திலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. கடவுச்சீட்டுச் சோதனையில் இரண்டு மணி நேரம் கழியுமாயின், இழப்பு கப்பல் நிறுவனத்துக்கு அன்று. பனாஜியில் காத்திருக்கும் கடைக்காரருக்கே. மின்னணு விசா மர்மகோவாவிலும் ஏற்கப்படுவதால் வெளிநாட்டுப் பயணிக்குத் தூதரக அலைச்சல் குறைந்துள்ளது. ஆயினும், கரையில் நிற்கும் வரிசையை அது குறைப்பதில்லை. வரவேற்பு மாலைகளும் மேளமும் இதற்கு ஈடாகா.

மர்மகோவா அடிப்படையில் சரக்குத் துறைமுகம். இரும்புத் தாது ஏற்றுமதியால் வளர்ந்தது, நிலக்கரியும் இறக்குவது. அதனை அடுத்துள்ள வாஸ்கோ நகரைப் பெரும்பாலான பயணிகள் பேருந்துச் சன்னல் வழியே மட்டும் காண்கின்றனர். தொலைவுச் சுற்றுலாவுக்கு இயலாத முதியவர்கள் கப்பலிலேயே தங்கிவிடுகின்றனர். துறைமுக வாயிலிலிருந்து வாஸ்கோ கடைவீதி வரை நிழலும் நடைபாதையும் அமையுமாயின், முதலில் இறங்கக்கூடியவர்கள் இவர்களே.