பெண் படைத்தலைமையும் சான்றுகளும்: வேலு நாச்சியாரை முன்வைத்து

முன்னுரை

பெண் படைத்தலைமை குறித்த ஆய்வுகளில் சீனத்துச் சாங் மரபின் அரசி ஃபூ ஹாவ் முதன்மையாகச் சுட்டப்பெறுகிறார். 1976இல் அன்யாங்கில் அகழப்பெற்ற அவரது கல்லறையில் படைக்கலங்கள் கிடைத்தன. 13,000 வீரருடன் அவர் போர்மேற்செல்வது பற்றி ஆரூடம் கேட்கப்பட்டதை எலும்புப் பொறிப்புகள் காட்டுகின்றன. தமிழகத்தில் அவருடன் ஒப்பிட்டு ஆராயத்தக்கவர் சிவகங்கை அரசி வேலு நாச்சியார். அவரது படைத்தலைமையின் இயல்பை இக்கட்டுரை விளக்குகிறது.

இழப்பும் மீட்பும்

1772இல் காளையார்கோயிலில் அவர்தம் கணவர் முத்துவடுகநாதர் கும்பினிப் படையால் கொல்லப்பட்டார். நாச்சியார் மகள் வெள்ளச்சியுடன் விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் பெற்றார். திண்டுக்கல் வட்டாரம் அப்போது மைசூர் ஆட்சிக்குட்பட்டிருந்ததால், ஆற்காட்டு நவாபின் அதிகாரம் அங்குச் செல்லவில்லை. அவ்வாண்டிலேயே பிரதானி தாண்டவராய பிள்ளை 5,000 குதிரைப்படையும் 5,000 காலாட்படையும் வேண்டி ஐதர் அலிக்கு மடல் எழுதினார். ஐதர் அலி கர்நாடகப் பகுதியின்மீது போர்தொடுத்த 1780இல், அவரது படையுதவியோடும் மருது சகோதரர் துணையோடும் சிவகங்கை மீட்கப்பெற்றது. வாள்திறத்தினும் எட்டாண்டுக் காத்திருப்பும் கூட்டணி அமைத்தலுமே இவ்வெற்றிக்கு அடிப்படை எனலாம்.

ஆவணமும் நினைவும்

வெடிமருந்துக் கிடங்கைத் தன்னுயிர் ஈந்து அழித்த குயிலியின் செய்தி வாய்மொழி மரபில் வலுவாக நிலவுகிறது. அதனை மடல் போன்ற ஆவணத்தோடு ஒரே நிலையில் வைத்தல் பொருந்தாது. பிற்காலச் சீன வரலாற்று நூல்கள் மறந்த ஃபூ ஹாவைப் பொறிப்புகள் மீட்டன. குயிலியையோ மக்கள் நினைவு காத்துவருகிறது.

முடிவுரை

ஆவணமின்மை ஒரு நிகழ்வு நடவாமைக்குச் சான்றாகாது. நினைவு ஆவணத்திற்கு மாற்றுமாகாது. இவ்விரண்டையும் பிரித்தறிந்து பயன்கொள்வதே பெண் படைத்தலைவியரின் வரலாற்றுக்கு உறுதி சேர்க்கும்.