‘கேல்’ என்னும் காற்று

பல ஆண்டுகளுக்கு முன், நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலம். நவம்பர் மாதம், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று வலுப்பெற்று வந்தது. வானிலைத் துறையின் ஆங்கில அறிக்கையில் முதல் நாள் ‘ஸ்குவாலி விண்ட்’ என்றிருந்தது. மறுநாள் அது ‘கேல் விண்ட்’ என்று மாறியிருந்தது. இரண்டு நாளும் நான் எழுதியது ஒரே சொல்தான்: ‘சூறாவளிக் காற்று’. இடம் போதவில்லை என்று வேகத்தைக் குறிக்கும் எண்களையும் வெட்டிவிட்டேன்.

செய்தி வெளியான காலையில், தென்கடலோர ஊர் ஒன்றிலிருந்து மீனவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “நேத்தும் சூறாவளிக் காத்துன்னுதான் சார் போட்டிருந்தீங்க. பக்கத்துலயே வலை போட்டுட்டுத் திரும்பிட்டோம். இன்னைக்கும் அதேதான் போட்டிருக்கு. அப்ப இன்னைக்கும் போகலாமா?”

நான் பதறிப்போய் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். முதல் நாள் சொல்லப்பட்ட வேகம் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர். மறுநாள் 65 முதல் 75 கிலோமீட்டர். “போகாதீர்கள்” என்று சொல்லி எண்களைப் படித்துக் காட்டினேன். “இதை வேற பேர்ல போட்டிருந்தா நான் கேட்டிருக்கவே வேண்டாமே சார்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்றிலிருந்துதான் ‘கேல்’ என்னும் அந்தச் சிறிய ஆங்கிலச் சொல்லைப் பின்தொடரத் தொடங்கினேன்.

ஆங்கிலத்தில் அது 16ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவருகிறது. அதன் பிறப்பு உறுதிப்படவில்லை. ‘பித்துப் பிடித்த’, ‘வெறிகொண்ட’ என்று பொருள்படும் ஸ்காண்டிநேவியச் சொல்லொன்றிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிகள் முன்வைக்கும் ஊகம். வெறிகொண்ட காற்று என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால், 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்கள் இதே சொல்லைச் சோலையில் தவழும் குளிர்ந்த இளங்காற்றுக்கும் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். அக்காலக் கவிதைகளில் ‘கேல்’ வருமிடமெல்லாம் புயல் என்று பொருள்கொண்டால், காதலர்கள் அமர்ந்திருக்கும் மரமே வேரோடு சாய்ந்துவிடும்.

நமக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. ‘புயல்’ என்ற நம் சொல்லும் பழந்தமிழில் மேகத்தையும் மழையையுமே குறித்தது. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் உழவருக்கு வாழ்வளிக்கும் மழையாகவே அது வருகிறது. அழிக்கும் காற்று என்ற பொருள் பின்னர் வந்து, பழைய பொருளை வழக்கிலிருந்து அகற்றிவிட்டது.

பேச்சு வழக்கில் இன்றும் ‘கேல்’ நெகிழ்வான சொல்தான். குடையைத் திருப்பிவிடும் காற்று அடித்தாலே ‘புளோயிங் எ கேல்’ என்று சொல்லிவிடுவார்கள். அவையோர் அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தால் அது ‘கேல்ஸ் ஆஃப் லாஃப்டர்’. அவர்களுக்குச் சிரிப்பு காற்றாக வீசுகிறது. நமக்கு அது அலையாக எழுகிறது, ‘சிரிப்பலை’ என்கிறோம். ஒலி ஒன்றாக இருப்பதால் ஏமாந்துவிடக் கூடாத இடங்களும் உண்டு. ‘நைட்டிங்கேல்’ பறவையின் பெயரில் உள்ள ‘கேல்’, பாடுதல் என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. அயர்லாந்துக் குத்தகை வழக்கில் தவணை வாடகைக்கும் ‘கேல்’ என்றே பெயர். இவற்றுக்கும் காற்றுக்கும் உறவில்லை.

கவிஞர் கையில் தென்றலாகவும் மாலுமி வாயில் புயலாகவும் இருந்த இச்சொல்லை அளவுக்குள் கொண்டுவந்தது கடல்தான். ஒரு தளபதி பலத்த காற்று என்று பதிவுசெய்வதை இன்னொருவர் மிதமான காற்று என்று எழுதினால், கப்பலின் பதிவேட்டால் யாருக்கும் பயனில்லை. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1806இல் தம் நாட்குறிப்பில் காற்றின் வலிமைக்கு எண் வரிசை ஒன்றை எழுதிவைத்தார். பின்னர் அது 0 முதல் 12 வரை என்று நிலைபெற்றது. காற்றின் வேகத்தை அவர் அளக்கவில்லை; அந்தக் காற்றில் ஒரு போர்க்கப்பல் எத்தனை பாய்களை விரித்து வைத்திருக்க முடியும் என்பதையே அளவுகோலாகக் கொண்டார். 12ஆம் எண் காற்றை எந்தப் பாயும் தாங்காது. அவரது வரிசையில் 7 முதல் 10 வரை நான்கு வகைக் ‘கேல்’கள் இருந்தன.

இன்றைய அளவுகோலில் ‘கேல்’ 8ஆம் எண்ணில் தொடங்குகிறது: 34 முதல் 40 நாட், அதாவது மணிக்கு 62 முதல் 74 கிலோமீட்டர். மரங்களின் சிறுகிளைகள் முறியும். காற்றை எதிர்த்து நடப்பது கடினம். 9ஆம் எண் கடுமையான ‘கேல்’, 88 கிலோமீட்டர் வரை. 10ஆம் எண்ணில் ‘ஸ்டார்ம்’ தொடங்குகிறது. 12ஆம் எண் ‘ஹரிக்கேன்’. ‘ஸ்குவால்’ இந்த வரிசையிலேயே சேராதது. திடீரெனச் சீறி எழுந்து, சில நிமிடங்கள் அடித்து ஓய்வது அது. ‘கேல்’ ஓயாமல் நீடிப்பது.

பியூஃபோர்ட் தந்த எண்ணை எச்சரிக்கையாக மாற்றியவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். சார்லஸ் டார்வின் பயணம் செய்த ‘பீகிள்’ கப்பலின் தலைவர் அவர். அந்தப் பயணத்திலேயே பியூஃபோர்ட் அளவுகோலைப் பயன்படுத்தியவர். 1859 அக்டோபரில் மெல்போர்னிலிருந்து லிவர்பூல் திரும்பிய ‘ராயல் சார்ட்டர்’ என்ற கப்பல், வேல்ஸ் கரையோரம் புயலில் சிக்கி உடைந்து, 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது பிரிட்டன் வானிலைத் துறையின் பொறுப்பில் இருந்த ஃபிட்ஸ்ராய், 1861இல் தந்தி வழியாகத் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். செய்தி வந்ததும் துறைமுகக் கம்பத்தில் கூம்பும் உருளையுமான அடையாளங்கள் ஏற்றப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத மீனவரும் தொலைவிலிருந்தே அறிந்துகொள்ளலாம். இந்தியாவில் 1864ஆம் ஆண்டின் பெரும்புயலுக்குப் பின், 1865இல் கல்கத்தா துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை வந்தது. நம் செய்திகளில் இன்றும் இடம்பெறும் ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு’ இந்த வழிவந்ததுதான்.

என் தவறு எவ்வளவு பெரிது என்பதை எனக்கு உணர்த்தியது இன்னொரு செய்தி. வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலம் எப்போது ‘புயல்’ ஆகிறது? அதன் காற்று 34 நாட் வேகத்தைத் தொடும்போது. 2004 முதல் நம் கடல்களின் புயல்களுக்குப் பெயர் சூட்டப்படுவதும் இந்தப் புள்ளியில்தான். ‘கேல்’ தொடங்குவதும் அதே 34 நாட்டில்தான். 48 நாட்டில் அங்கே ‘ஸ்டார்ம்’, இங்கே தீவிரப் புயல்; 64இல் அங்கே ‘ஹரிக்கேன்’, இங்கே மிகத் தீவிரப் புயல். இரண்டும் ஒரே ஏணியின் படிகள். ஆகவே, அறிக்கையில் ‘ஸ்குவாலி’ என்பது ‘கேல்’ என்று மாறும்போது, அது நடையழகுக்காக வேறு சொல்லைத் தேடியதன்று. ஒரு படி ஏறிவிட்டது என்ற அறிவிப்பு. அந்தப் படியைத்தான் நான் தமிழில் அழித்துவிட்டேன்.

காற்றின் தாக்கம் வேகத்தின் இருமடிப் பெருக்கமாக உயரும். 45 கிலோமீட்டர் 65 ஆகும்போது கூடுவது 20 கிலோமீட்டர்தான். ஆனால் படகின் மீது விழும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாறுவதற்கு நெடுநேரமும் தேவையில்லை. 2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடலருகே தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, ஒரு நாளுக்குள் புயலாகிவிட்டது. கடலுக்குச் சென்ற மீனவர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பவில்லை.

காற்றுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. திசைக்கொன்றாகக் கொண்டல், தென்றல், கோடை, வாடை என்று பெயரிட்ட மொழி இது. இல்லாதது ஒழுங்கு. இன்றும் 45 கிலோமீட்டர் காற்றுக்குச் ‘சூறாவளிக் காற்று’ என்கிறோம். அமெரிக்கக் கரையைத் தாக்கும் 200 கிலோமீட்டர் ‘ஹரிக்கே’னுக்கும் ‘சூறாவளி’ என்கிறோம். எல்லாவற்றுக்கும் பயன்படும் எச்சரிக்கைச் சொல் நாளடைவில் எதையும் எச்சரிக்காது.

என் யோசனை எளியது. ‘ஸ்குவால்’ வகைக்குச் ‘சூறைக் காற்று’ என்போம். ‘கேல்’ வந்தால் ‘புயல் வேகக் காற்று’ என்போம்; புயலின் தொடக்க எல்லையை அச்சொல்லே நினைவூட்டும். ‘சூறாவளி’யை ‘ஹரிக்கேன்’ அளவுக்கென ஒதுக்கிவைப்போம். இதைவிடச் சிறந்த சொற்களை அறிஞர்கள் தரலாம். எவை ஆனாலும், வானிலைத் துறை, வானொலி, தொலைக்காட்சி, நாளிதழ்கள் யாவும் ஒரே வரிசையைக் கையாள வேண்டும். எண்ணை ஒருபோதும் வெட்டக் கூடாது. சொல்லை எங்கு வேண்டுமானாலும் வீசவிடக் கவிஞருக்கு உரிமை உண்டு. வானிலைச் செய்தி எழுதுபவருக்கு அந்த உரிமை இல்லை.

அன்று அழைத்த மீனவரின் பெயரைக் கேட்டுக்கொள்ளவும் எனக்குத் தோன்றவில்லை. அவர் சந்தேகப்பட்டுக் கேட்டார். கேட்காமலே படகைத் தள்ளியவர்கள் இருந்திருக்கலாம். அடுத்த நாள் முதல் அந்த எண்களை நான் வெட்டியதில்லை.