குளியலறையில் வெதுவெதுப்பும் வேண்டும், காற்றும் வேண்டும்

உதகையில் டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் உறைபனி விழுகிறது. அக்காலத்தில் குளிருக்கு அஞ்சிக் குளியலறைச் சன்னலை அட்டையாலோ துணியாலோ அடைத்துவிடுவோர் பலர்.

குளிரைத் தவிர்க்க நினைப்பது தவறன்று. குளிர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயர்கிறது; வெந்நீர் பட்டதும் அவை விரிந்து அழுத்தம் தாழ்கிறது. இந்த ஏற்றத்தாழ்வால் முதியோரும் இதய நோயாளிகளும் மயங்கி விழக்கூடும். ஆகவே குளியலறை வெதுவெதுப்பாக இருப்பது நன்றே. ஆனால், அடைத்த அறையில் நெருப்பு எரிவது உயிருக்கே ஆபத்து.

கேஸ் கீசரும் கரி அடுப்பும் போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் இணைகிறது. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் தோன்றி, சில நிமிடங்களில் நினைவு தப்பலாம். உள்ளே தாழிட்டிருந்தால் உதவியும் தாமதமாகும்.

செய்ய வேண்டியவை இவை:

கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்துங்கள். இடம் மாற்றும் வரை, வாளியில் வெந்நீரைப் பிடித்து, கீசரை அணைத்து, கதவைத் திறந்து வைத்துக் காற்று மாறிய பின்னரே குளியுங்கள். கரி அடுப்பை உள்ளே கொண்டு செல்லவே வேண்டாம்.

அறையைச் சூடாக்க, குளியலறைக்கென்றே தயாரிக்கப்பட்ட மின் ஹீட்டரை, நீர் தெறிக்காத உயரத்தில் சுவரில் பொருத்தச் செய்யுங்கள். மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் இணைப்பில் இருத்தல் அவசியம். குளிப்பதற்குச் சற்று முன்பே ஹீட்டரை இயக்கினால் போதும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தி, கதவின் அடியில் காற்று நுழைய இடைவெளி விடுங்கள். குளித்தபின் அதை இயக்கினால் ஈரம் வெளியேறும். ஆஸ்துமாவைத் தூண்டும் பூஞ்சையும் குறையும். கேஸ் கீசர் உள்ளேயே இருந்தால் இந்த ஃபேனை நம்ப வேண்டாம். அது புகையை அறைக்குள்ளேயே இழுக்கக்கூடும்.

குளியலறையில் ஒருவர் மயங்கினால் கதவைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, கேஸை மூடி, 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இயல்பான அளவைக் காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். இவ்வாயு கலந்த இரத்தத்தை அக்கருவியால் பிரித்தறிய இயலாது. கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்ததை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள். சிகிச்சை உரிய நேரத்தில் தொடங்க அத்தகவல் உதவும்.